பேருந்து விபத்துக்குப் பிறகு தொடங்கிய தாடை வலியும் உறக்கத்தில் பல் கடிப்பதும்

கேள்வி:
இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சென்ற பேருந்து லாரியில் மோதியது. எனக்குச் சிராய்ப்புதான், பக்கத்து இருக்கையில் இருந்தவர் என் கண்ணெதிரே உயிரிழந்தார். சில வாரங்களில், நான் இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதாகக் கணவர் சொன்னார். வயிற்றில் பூச்சி இருக்கும் என்று மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். பூச்சி மாத்திரையும் விழுங்கியாயிற்று. இப்போது காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு வலிக்கிறது, காதுக்குள் குத்துகிறது, சப்பாத்தியை மெல்ல முடியவில்லை. காதில் குறையில்லை என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளப் பல் மருத்துவர் செய்து கொடுத்த நைட் கார்டு என்ற உறையில் நான்கே மாதத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. விபத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

முதல் பதில்:
நான் பல் மருத்துவர். தொடர்பு இருக்கக்கூடும், சகோதரி. பேரதிர்ச்சியின் பாதிப்பிலிருந்து மீளாதவர்களிடம் தாடை மூட்டு வலியும் பல் கடிக்கும் பழக்கமும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; அதற்காக அதிர்ச்சி ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. உறக்கத்தின் நடுவே மூளை சில நொடிகள் அரைகுறையாக விழிக்கும்போது, முதலில் இதயத் துடிப்பு கூடி, பின்னர் மெல்லும் தசைகள் இறுகிப் பற்கள் உரசுகின்றன. ஆபத்து நீங்கிய பிறகும் உடல் காவல் காத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு உறக்கம் அடிக்கடி இப்படிக் கலைகிறது. தாடை மூட்டு காதுத் துளைக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. இரண்டின் வலியையும் ஒரே நரம்புக் கிளை சுமப்பதால், காது நலமாக இருந்தும் உங்களுக்குக் காது குத்துகிறது.

நைட் கார்டு தேய்மானத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளுமே தவிர, கடிப்பதை நிறுத்தாது. பள்ளம் விழுந்தது உங்கள் பல்லில் அல்ல என்று ஆறுதல் கொள்ளுங்கள். மனநல மருந்து ஏதேனும் எடுக்கிறீர்களா? செர்ட்ராலின், ஃபுளுவாக்சிடின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பதைத் தூண்டும். குறட்டை உண்டா என்பதையும் கணவரிடம் கேளுங்கள். உறக்கத்தில் மூச்சு தடைபடுவோரும் பல் கடிப்பதுண்டு.

இரண்டாம் பதில்:
2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவன் நான். 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்' என்று பெரியவர்கள் சொன்னதை என் தாடை அப்படியே ஏற்றுக்கொண்டது போலும். பகலிலும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். பல் மருத்துவமனைப் படிவங்களில் சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிக் கேட்டார்களே ஒழிய, இந்த இழப்பைப் பற்றிக் கேட்டவர் இல்லை, நானும் சொல்லவில்லை. பின்னாளில் ஒரு உளவியல் ஆலோசகர், உதடுகள் மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று பழக்கினார். கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்திப் பார்ப்பேன். அண்ணனைப் பற்றி அவரிடம் வாய்விட்டுப் பேசத் தொடங்கிய பிறகே காலை வலி குறைந்தது. டிசம்பர் மாதத்தில் மட்டும் இன்றும் திரும்பி வருகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செர்ட்ராலின் எடுக்கிறேன், ஆனால் பல் கடிப்பது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, மாத்திரைக்குப் பிறகு வலி கூடியது.

முதல் பதில் தந்தவர்:
அந்த வரிசையை அப்படியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ அவர் பொறுப்பு.

கேட்டவர்:
திங்கட்கிழமை செல்கிறேன். இதைத் தட்டச்சு செய்யும்போதும் பற்கள் அழுந்தியே இருந்திருக்கின்றன, இப்போதுதான் கவனித்தேன்.