டிக்ளரேஷனுக்கு ‘உறுதிமொழி’ பொருந்துமா? – படிவம் 6ஐ முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இன் கடைசியில், விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றி எழுதிக் கையெழுத்திடும் டிக்ளரேஷனுக்கு (declaration) என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில், ‘உறுதிமொழி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தருமபுரிப் பக்கம் சிறப்பு முகாம்களில் படிவம் நிரப்ப உதவுகிறவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

உறுதிமொழி என்றால் இனிமேல் இப்படி நடந்துகொள்வேன் என்று சொல்வது. ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாளில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கையை நீட்டி எடுக்கிறோமே, அது உறுதிமொழி. சட்டமன்றத்தில் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பதும் அந்த வகைதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் புதிதாகப் பெயர் சேர்ப்பவர், யாருக்கும் அஞ்சாமல், யார் பக்கமும் சாயாமல், மாநிலத்துக்கு எது நன்மை என்று மனசாட்சி சொல்கிறதோ அதன்படியே வாக்களிப்பேன் என்று ஆணையிட வேண்டும். அதை ‘வாக்காளர் உறுதிமொழி’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

நம் படிவம் 6 அப்படி எதையும் கேட்பதில்லை. இந்தியக் குடிமகன், இந்த முகவரியில் வழக்கமாக வசிக்கிறேன், வேறு தொகுதியில் பெயர் இல்லை என்று இன்றைய நிலையைத்தான் எழுதி வாங்குகிறது. தெரிந்தே பொய் சொன்னால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கனம் ‘உறுதிமொழி’யில் வருவதில்லை. இளைஞர்கள் பள்ளியில் சொன்னதைப் போல நினைத்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, ‘பிரமாணம்’ என்றால்? அது வேறு சிக்கல். ஒரு முகாமில் மகனோடு வந்த அம்மா, ‘சத்தியமெல்லாம் எங்க வீட்ல பண்ண மாட்டோம் சார்’ என்று மகன் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். யாரோ ‘சத்தியப் பிரமாணம்’ என்று விளக்கியிருக்கிறார்கள். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் குலத்தையே தொடும் காரியம். அந்தப் பையன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் போய் வருகிறவன். அவனுக்கு உண்மையில் வேண்டியது அதே சட்டத்தின் 20ஆம் பிரிவின் விளக்கம்: தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதாலேயே வசிப்பிடம் போய்விடாது, ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டுமே வசிப்பிடமாகவும் ஆகாது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பாதிச் சந்தேகங்கள் இதில்தான். அதைப் பேச விடாமல் சொல்லே குறுக்கே நிற்கக் கூடாது.

வழக்கறிஞர் நண்பர் சொன்ன ‘விளம்புகை’ உரிமையியல் வழக்குகளில் நன்றாக ஊன்றிவிட்டது. ஆனால் அது உரிமை இன்னாருடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது. அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை: பொறுப்புரை. ‘பொறுப்புத் துறப்பு’ ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இது. சொன்னதற்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது.

*

ஓசூரிலிருந்து வந்த மறுமொழி:

அண்ணா, ‘மெய்யுறுதி’ இன்னும் அழகாக இல்லையா? ‘பொறுப்புரை’ என்றால் அதிகாரியின் வேலைப் பொறுப்புகளைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. அப்புறம், எங்கள் ஊரில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்குப் ‘பிரமாணம்’தான் உடனே புரியும்.

*

தம்பி, உடனே புரிவதுதான் அதில் ஆபத்து. அவர்களுக்கும் பிரமாணம் என்றால் சத்தியம்தானே?

‘மெய்யுறுதி’யை நானும் எழுதிப் பார்த்தேன். 31ஆம் பிரிவைத் தமிழில் எழுதும்போது ‘பொய்யான மெய்யுறுதி’ என்று வருகிறது. குற்றத்தின் பெயரே இப்படித் தன்னோடு முரண்பட்டால் எந்த நீதிமன்றமும் ஏற்காது. ‘பொய்யான பொறுப்புரை’ தடையில்லாமல் நிற்கிறது. வேலைப் பொறுப்போடு குழம்பும் என்பது நியாயமான கவலை. எனவே முதல்முறை வரும் இடத்தில் ‘வாக்காளர் பொறுப்புரை’ என்று முழுதாக எழுதுவோம். அஃபிடவிட்டுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே சத்தியம் செய்து சொல்வது உண்டு. ‘பிரமாணப் பத்திரம்’ அப்படியே தொடரட்டும்.

வேறு மறுப்பு இல்லையென்றால், பெயர் நீக்கத்துக்கும் ஆட்சேபத்துக்கும் உரிய படிவம் 7, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் உரிய படிவம் 8 ஆகியவற்றிலுள்ள வாசகங்களிலும் இதே சொல்லை வைத்துப் பார்த்து எழுதுங்கள்.