சென்டினல் வரைபடத்தில் கொறங்காடு பயிர் நிலமாக வருகிறது: துல்லியத்தை எப்படிச் சரிபார்ப்பது?

காங்கயம்_மேப்:
காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் சுற்றுவட்டாரத்துக்குச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை வெச்சு நிலப் பயன்பாட்டு வரைபடம் போட்டிருக்கோமுங்க. தென்னை, பயிர், கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்)ன்னு மூணு வகுப்பு. நவம்பர் மாசப் படம் ஒண்ணுதான், ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களோட ஓட்டை வெச்சு வகுப்பு பிரிக்கற) முறை. மென்பொருள் 93% துல்லியம்னு காட்டுது. ஆனா நிறையக் கொறங்காடு பயிர்னு விழுந்திருக்குதுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க. தரைப் புள்ளி எத்தனை, எப்படி எடுக்கணுமுங்க?

பிக்சல்_கவுண்டர்:
அந்த 93% எதை வெச்சு வந்துச்சு? பயிற்சிப் புள்ளிகளையே கத்துக்க 70%, சோதிக்க 30%ன்னு பிரிச்சிருந்தா அந்த எண்ணை மறந்துடுங்க. ஒரே காட்டோட பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ரெண்டு பக்கமும் போயிருக்கும். பார்த்த கணக்கையே பரீட்சையில கேட்ட மாதிரிதான்.

முடிஞ்ச வரைபடத்துல இருந்து வகுப்புவாரியா சீரற்ற முறையில புதுப் புள்ளி எடுங்க. வகுப்புக்கு 50க்குக் குறையாம, முடிஞ்சா 100. ரோட்டோரமா மட்டும் போகாதீங்க. கிளுவை வேலிக்கு உள்ள இருக்கறதுதான் உங்க பிரச்சனையே. போறவங்க கையில வரைபடம் என்ன சொல்லுதுன்னு இருக்கவே கூடாது, தெரிஞ்சா கண்ணு அப்படியே ஒத்துப் போகும். திறந்த வெளியில போன் ஜிபிஎஸ் 3–5 மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னந்தோப்புக்குள்ள இன்னும் மோசம். அதனால புள்ளியை வேலியில இருந்து 20 மீட்டர் உள்ள நகர்த்திக்கோங்க.

தரவு_தாராபுரம்:
கடைசி யோசனையை மட்டும் ஏற்க முடியாது. ஓரத்தில் விழும் புள்ளிகளை நடுவுக்கு நகர்த்தினால் கலப்புப் பிக்சல்கள் (ஒரே கட்டத்தில் இரண்டு வகுப்பு இருப்பவை) எல்லாம் தப்பித்துவிடும். துல்லியம் பொய்யாக ஏறும். புள்ளியை அங்கேயே விட்டுவிட்டு, 10 மீட்டர் சதுரத்தில் எது அதிகம் என்று முதல் வகுப்பும், அடுத்தது எது என்று இரண்டாம் வகுப்பும் குறியுங்கள்.

அடுத்து, எண்ணிக்கையை அப்படியே கூட்டாதீர்கள். உதாரணத்துக்கு 10,000 ஹெக்டேர்: வரைபடத்தில் தென்னை 2,000, பயிர் 5,000, கொறங்காடு 3,000. வகுப்புக்கு 100 புள்ளி. தென்னையில் 96 சரி, 4 பயிர். பயிரில் 64 சரி, 36 கொறங்காடு. கொறங்காட்டில் 92 சரி, 8 பயிர். நேராகக் கூட்டினால் 252/300, அதாவது 84%. பரப்பு எடையோடு: 0.2×0.96 + 0.5×0.64 + 0.3×0.92 = 78.8%.

கொறங்காட்டின் உண்மைப் பரப்பு 0.3×0.92 + 0.5×0.36 = 0.456, அதாவது 4,560 ஹெக்டேர்; 95% நம்பிக்கையில் சுமார் 500 ஹெக்டேர் கூடலாம், குறையலாம். வரைபடம் காட்டுவதோ 3,000. பயனர் துல்லியம் (வரைபடம் கொறங்காடு என்று காட்டுவதில் எவ்வளவு சரி) 92% என்று அழகாக இருக்கும். உற்பத்தியாளர் துல்லியம் (உண்மையான கொறங்காட்டில் வரைபடம் எவ்வளவைப் பிடித்தது) 0.276/0.456, வெறும் 60.5%. ஊர்க்காரர்கள் சொல்வது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அறிக்கையில் மொத்தத் துல்லியத்தை மட்டும் போடுவது ஏமாற்று வேலை. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் கப்பா எண்ணையும் விட்டுவிடலாம், அது புதிதாக எதுவும் சொல்வதில்லை.

நொய்யல்_என்டிவிஐ:
சரிபார்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டுமுங்க, தப்பு வர்ற இடமே அந்த நவம்பர் படம்தான். வடகிழக்குப் பருவமழையில கொழுக்கட்டைப் புல் பச்சையாகி, கொறங்காடும் மானாவாரிச் சோளமும் ஒரே மாதிரி தெரியும். ஜூலைல இருந்து மார்ச் வரை என்டிவிஐ (பச்சையோட அளவைக் காட்டற எண்) வரிசை எடுங்க. சோளக்காட்டுல உழவு நேரத்துல மண்ணு தெரிஞ்சு மதிப்பு விழும். கொறங்காட்டை உழறதில்லை, வெள்வேல மரமும் நிக்கும், அந்தப் பள்ளம் வராது.

வரிசை போடறப்ப ஒண்ணு பாருங்க. 2022 ஜனவரி 25ல இருந்து எல்2ஏ (வளிமண்டலத் திருத்தம் பண்ணின) படங்கள்ல மதிப்போட 1000 கூட்டித் தர்றாங்க. மறுசெயலாக்கம் பண்ணின பழைய படத்துலயும் இருக்கும், அதனால தேதியை நம்பாம ஒவ்வொரு படத்தோட மெட்டாடேட்டாவையும் பாத்து, இருந்தா கழிச்சுக்கோங்க. சிவப்பு 800, அண்மை அகச்சிவப்பு 3000ன்னா என்டிவிஐ 0.58, கழிக்காம விட்டா 1800, 4000 ஆகி 0.38. நல்ல பயிரே காஞ்ச காடாயிடும்.

கூகுள் எர்த்தை வெச்சு சரிபார்த்தா படத்தேதியையும் குறிச்சுக்கோங்க. பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) ஆயக்கட்டு நாலு மண்டலம், சுற்று முறையிலதான் தண்ணி. போன வருசப் படத்துல பச்சையா இருந்த காடு இந்த வருசம் தரிசா கிடக்கும். அதை வரைபடத்தோட தப்புன்னு எழுதிடக் கூடாது.

காங்கயம்_மேப்:
ரொம்ப நன்றிங்க. வேலி பூட்டியிருந்து உள்ள போக முடியலைன்னா, பக்கத்துப் புள்ளியை எடுத்துக்கலாமுங்களா?

தரவு_தாராபுரம்:
கூடாது. அதே புள்ளியைத் தெளிவான உயர்தரப் படத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாமவர். எந்தப் புள்ளி நேரில் பார்த்தது, எது படத்தில் பார்த்தது என்று அட்டவணையில் தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள்.