புதுப்பிப்பு: இந்தியா–நேபாளம்–வங்கதேசம் மின் பரிமாற்றத் தரவு

இந்த மூன்று நாடுகளுக்கிடையே ஓடும் மின்சாரத்துக்கு நம்பகமான எண்கள் எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். தினசரிக் கணக்குக்கு, நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கும் அரசு நிறுவனமான கிரிட்-இந்தியாவின் அன்றாட மின்வழங்கல் அறிக்கைதான் சரியான இடம். அதில் சர்வதேசப் பரிமாற்றம் என்ற பகுதியைப் பாருங்கள். இறக்குமதிக்கு கூட்டல் குறி, ஏற்றுமதிக்கு கழித்தல் குறி. எண்கள் மில்லியன் யூனிட்டில், அதாவது பத்து லட்சம் யூனிட் கணக்கில் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் நாளின் உச்ச மெகாவாட்டை 24 ஆல் பெருக்கி ஆற்றலாக்க வேண்டாம், எண் ஊதிவிடும்.

வங்கதேசத்துக்குக் கூட்டும்போது பலர் தவறவிடுவது கொட்டா. ஜார்க்கண்டிலிருந்து வங்கதேசத்துக்கு மின்சாரம் தரும் அந்த 1600 மெகாவாட் நிலையம் தனியாகக் காட்டப்படுகிறது. வங்கதேச எண்ணோடு அதையும் சேர்த்தால்தான் முழுக் கணக்கு.

பெரிய குழப்பம் நேபாளம் வங்கதேசத்துக்கு விற்கும் 40 மெகாவாட்டில். விற்பனை அந்த இரு நாடுகளுக்கும் நடுவே; ஒப்பந்தத்தில் இந்திய நிறுவனமும் மூன்றாவது தரப்பு. மின்சாரம் ஓடுவதோ இந்தியக் கட்டமைப்பின் வழியே: பீகாரின் முசாபர்பூரில் நுழைந்து, வங்கதேசத்தின் பேராமாராவுக்குப் போகிறது. எல்லை மீட்டரில் அது இந்தியாவின் இறக்குமதியாகவும் ஏற்றுமதியாகவும் பதிவாகும். முழு நாளும் ஓடினால் 0.96 மில்லியன் யூனிட். ஆகவே வணிக அட்டவணையையும் (யார் யாருக்கு எவ்வளவு விற்கிறார்கள் என்ற கணக்கு) மீட்டர் அளவையும் ஒரே நெடுவரிசையில் கலக்காதீர்கள்.

ஆண்டறிக்கைகளை ஒப்பிடும் முன் நிதியாண்டைப் பாருங்கள். இந்தியாவுக்கு ஏப்ரல்–மார்ச், வங்கதேசத்துக்கு ஜூலை–ஜூன், நேபாளத்துக்கு ஜூலை நடுவில் தொடக்கம். நேபாளம் மழைக்காலத்தில் விற்று, குளிரில் வாங்கும் நாடு. தினசரி எண்களை, எந்த நாட்டின் அறிக்கையோடு ஒப்பிடுகிறீர்களோ அந்த நாட்டின் நிதியாண்டுக்கே கூட்டிப் பாருங்கள்.