‘ஷே பா’ என்றால் என்ன? வேகமான பிரெஞ்சைக் காதில் பிடிக்க

வகுப்பில் படித்த பிரெஞ்சு வேலையிடத்தில் புரியவில்லையா? சொல் தெரியாததால் அல்ல. ‘போய்விட்டான்’ நம் வாயில் ‘போய்ட்டான்’ ஆவதுபோல அங்கும் சொற்கள் தேய்கின்றன, அதுவும் ஒரு ஒழுங்கோடு.

முதலில் விழுவது ‘ந … பா’ என்னும் மறுப்பில் வரும் ‘ந’. ‘பா’ மட்டும் மிஞ்சும். காது அதைத்தான் தேட வேண்டும். அடுத்தது ‘நான்’ என்னும் ‘ஜ’. அதன் உயிரொலி விழுந்து, பின்னால் ப, த, க, ஸ ஒலிகள் வந்தால் ‘ஷ’ ஆகிவிடும். ‘ஜ சுயி’ (நான் இருக்கிறேன்) ‘ஷுயி’; ‘ஜ பெ’ (என்னால் முடியும்) ‘ஷ்பெ’. ‘ஜ வே’ (போகிறேன்) போன்றவை ‘ஜ்வே’ என்றே நிற்கும். ‘ஜ ந சே பா’ சுருங்கினால் ‘ஷே பா’, தெரியாது. ‘ஜே பா’ என்றால் என்னிடம் இல்லை. புதிதாக வந்தவர்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டில்தான்.

‘இல் யா’ (இருக்கிறது) வெறும் ‘யா’ ஆகும், ‘இல் ஃபோ’ (வேண்டும்) வெறும் ‘ஃபோ’. ‘து ஆ’ (உன்னிடம் இருக்கிறது) என்பது ‘தா’. ‘கத்ர் கிலோ’ (நான்கு கிலோ) காதில் விழுவது ‘கத் கிலோ’.

பெரிய பொறி ‘ப்ளுஸ்’: ‘அதிகம்’, ‘இனி இல்லை’ இரண்டுக்கும் இதே சொல். ‘ந’ விழுந்தபின் கடைசி ‘ஸ்’ ஒலிதான் பொருளைச் சொல்லும். பேக்கரியில் ‘யா ப்ளு த பகெத்’ என்றால் பகெத் (நீள ரொட்டி) தீர்ந்துவிட்டது. ‘ஸ்’ கேட்டால் ‘அதிகம்’. ஆனால் விடைபெறும்போது சொல்லும் ‘ஆ ப்ளுஸ்’ ‘பிறகு பார்ப்போம்’தான்.

வால் அறுந்த சொற்கள் எளிது: புரோப்ரியோ (வீட்டுச் சொந்தக்காரர்), ஃப்ரிகோ (குளிர்சாதனப் பெட்டி), ஆப்பார் (அடுக்குமாடி வீடு), செக்யு (சோசியல் செக்யூரிட்டி). முழுச்சொல்லின் ஆண்பால், பெண்பால் மாறாது: ல ஃப்ரிகோ, லா செக்யு.

பயிற்சிக்கு, ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி போதாது. அதில் தெளிவாக உச்சரிப்பார்கள். தெருப்பேட்டிக் காணொளி ஒன்றில் 30 விநாடியை எடுத்து, பிரெஞ்சு வசனவரியை மறைத்துக் கேட்டு எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டு, விழுந்த ஒலிகளை வட்டமிடுங்கள். அதே துண்டை மறுநாளும் கேளுங்கள்.

மேலே சொன்னதோடு ஒன்று: இவை காதுக்கு, வாய்க்கு அவசரமில்லை. ‘தா’ என்பது ‘து’ போட்டு ஒருமையில் பேசுவது. பிரெஃபெக்ச்சூர் என்னும் அரசு அலுவலகத்தில் ‘வூ’ (நீங்கள்) போட்டு முழுதாகப் பேசுங்கள். குறுஞ்செய்தியில் ‘ஜி எஸ் பே’ என்று மூன்றெழுத்து வந்தால் அதுவும் ‘ஷே பா’தான்; ‘தே கா தே’ வந்தால் ‘கவலைப்படாதே’.