உலக மகளிர் ஹாண்ட்போல் சம்பியன்ஷிப்: உங்களை விட்டு அகலாத ஒரு தருணம்

ஹெர்னிங் அப்பா:
2023 டிசம்பர் 15 அன்று ஹெர்னிங் பொக்சன் அரங்கில் டென்மார்க்கும் நோர்வேயும் மோதிய அரையிறுதியைப் பற்றி யாரும் எழுதாததால் நானே தொடங்குகிறேன். அறுபது நிமிடத்தில் முடிவு வராமல் கூடுதல் நேரம் போய், 29–28 என்று நோர்வே வென்ற கதை உங்களுக்குத் தெரியும். எனக்குள் நிற்பது ஆட்டமன்று, எங்கள் வரிசையில் நடந்ததுதான்.

என் மகள் கன்னத்தில் டென்மார்க் கொடியைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒஸ்லோவிலிருந்து வந்த என் தங்கை, அதாவது அவளுடைய மாமி, நோர்வேக் கொடியை மடியில் வைத்திருந்தார். கடைசி நிமிடங்களில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் தங்கையின் மகன் கத்திக்கொண்டு துள்ளினான். தங்கை மட்டும் எழும்பவில்லை. காரில் வரும்போது, "மாமி, நீங்கள் ஏன் துள்ளவில்லை?" என்று மகள் கேட்டாள். "நீ அழுதுகொண்டிருக்க நான் எப்படிப் பிள்ளை துள்ளுவது?" என்றார் தங்கை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நாங்கள் வென்றிருந்தால் நான் துள்ளியிருப்பேன் மாமி" என்றாள் மகள்.

அவள் உண்மையைத்தான் சொன்னாள். அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா, சும்மா இருந்தது சரிதானா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்து அதே அரங்கில் பிரான்ஸ் 31–28 என்று நோர்வேயை வென்றபோது, மகளே மாமிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

ஸ்டவங்கர் வாசகி:
அரையிறுதியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அதே சம்பியன்ஷிப்பின் தொடக்கத்தில் ஸ்டவங்கரில் நோர்வேயும் கிறீன்லாந்தும் ஆடிய ஆட்டத்தை யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா? நோர்வே 43, கிறீன்லாந்து 11. ஏறத்தாழ ஐம்பத்தாறாயிரம் மக்களைக் கொண்ட ஒரு தேசம், தன் தலைநகரான நூக்கில் நடந்த வட அமெரிக்க, கரீபியப் போட்டியில் வென்று அங்கு வந்திருந்தது.

நான் அப்பாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஹாண்ட்போலில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. பேரப்பிள்ளை ஊரில் ஹாண்ட்போல் ஆடுவதால் மட்டும் வந்தார். அணிகள் வரிசையாக நின்றபோது, "இவர்கள் டென்மார்க்கின் கீழ்த்தானே இருக்கிறார்கள், எப்படித் தனிக் கொடியோடு வந்து நிற்கிறார்கள்?" என்று கேட்டார். அவர்களுடைய சங்கம் சர்வதேசச் சம்மேளனத்தில் தனி உறுப்பினர் என்று விளக்கினேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவேயில்லை; அந்தக் கொடியையும் அந்தப் பெண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தோல்வி உறுதியான பின்னர் கிறீன்லாந்துப் பெண் ஒருத்தி கோல் போட்டுவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓடினாள். எங்களைச் சுற்றியிருந்த நோர்வே ரசிகர்கள் எல்லோரும் கைதட்டினார்கள், அப்பா எழுந்து நின்று தட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாட்டில் வாழும் அவர் ஒரு விளையாட்டு அரங்கில் எழுந்து நின்றதை நான் அன்றுதான் கண்டேன்.

கடலான் பக்கத்துக்காரர்:
ஸ்டவங்கர் சகோதரியின் தந்தையின் உணர்வை நான் முழுமையாக மதிக்கிறேன். ஆனாலும் 43–11 என்ற ஆட்டத்தை ஒரு நிறைவாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2019 வரை இருபத்து நான்கு அணிகள் ஆடிய போட்டியை 2021 இல் முப்பத்திரண்டாக விரித்தார்கள்; அதன் விளைவு இத்தகைய ஆட்டங்கள். தோற்கும் பெண்களுக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்று யாராவது அவர்களிடமே கேட்க வேண்டும். பண உதவி, பயிற்றுநர்கள், கண்ட மட்டத்தில் அடிக்கடி போட்டிகள் ஆகியவற்றை முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் உலக மேடையை விரித்திருக்கலாம்.

என் தருணம் சிறியது. 2021 இல் ஸ்பெயினின் கட்டலோனியாவிலுள்ள கிரனொலியேர்ஸில் நடந்த இறுதியாட்டத்தின் இடைவேளையில் பிரான்ஸ் 16–12 என்று முன்னால் இருந்தது. நோர்வேயின் ஐஸ்லாந்துக்காரப் பயிற்றுநர் தோரிர் ஹெர்கெய்ர்சன் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பதற்றத்தின் சாயல்கூட இல்லை. இரண்டாம் பாதியில் பிரான்ஸுக்கு ஆறு கோல்கள்தான் கிடைத்தன. நோர்வே 29–22 என்று வென்றது. ஒரு மனிதர் அந்த நேரத்தில் எப்படி அவ்வளவு அமைதியாக இருக்க முடிந்தது என்று நான் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

துரொண்ட்ஹைம் அம்மா:
அணிகளின் எண்ணிக்கையைப் பற்றி வாதிடுகிறவர்கள் ஆடுகிற பெண்களின் முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினால் நன்று. 2023 இல் துரொண்ட்ஹைமில் நோர்வேயின் ஆட்டத்தைப் பார்த்தபோது நான் கோல்களை எண்ணவில்லை. நோர்வே வீராங்கனை நோரா மொர்க் குதித்து எறிந்துவிட்டுத் தரையில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முழங்கால் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரும் ஆடியவர் அவர். ஒருமுறை அவர் விழுந்து உடனே எழும்பாதபோது, அருகில் இருந்த என் மகள் தன் முழங்காலைக் கையால் மூடிக்கொண்டாள்.

பிள்ளைகளை ஹாண்ட்போலுக்கு அனுப்பும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். ஓடிவந்து காலை ஊன்றித் திடீரென்று திசை மாறும் இந்த ஆட்டத்தில், முழங்கால் மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுவது பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைவிட அதிகமாக நடக்கிறது. ஒஸ்லோவிலுள்ள விளையாட்டுக் காய ஆய்வு மையத்தினர், 15 முதல் 17 வயது வரையான 1,800க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட 120 கழகங்களில் ஓர் ஆய்வு செய்து 2005 இல் வெளியிட்டார்கள். ஒழுங்காகத் திட்டமிட்ட உடல் சூடேற்றும் பயிற்சி செய்த கழகங்களில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பயிற்சி பெரிய வித்தையன்று: ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகுதல், இரண்டு காலாலும் மெதுவாகத் தரையிறங்குதல், முழங்கால் உள்நோக்கிச் சரியாமல் பாதத்தின் நேரே நிற்கப் பழகுதல், தொடைத் தசைக்குப் பலம் சேர்த்தல். இதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். உங்கள் பிள்ளையின் பயிற்றுநர் "நேரம் இல்லை" என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரே இடத்தில் மட்டும் ஆட விடாதீர்கள். வாரம் முழுவதும் ஆட்டம் என்று நாட்களை நிரப்பாதீர்கள். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அந்த வாரம் ஆட்டம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

யாரும் கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: பந்தைப் பிடிக்கப் பூசும் பிசின் கையில் ஒட்டியிருந்தால் முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடையுங்கள், அதன் பின்னர் சவர்க்காரம் போடுங்கள். வெறும் சவர்க்காரத்தால் அது போகாது.

ஐந்தோவன் தமிழன்:
2019 டிசம்பரில் ஜப்பானின் குமாமோட்டோ நகரில் நடந்த இறுதியாட்டம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நெதர்லாந்தும் ஸ்பெயினும் 29–29 என்று நின்றன. ஆறு நொடிகள் எஞ்சியிருக்க, ஸ்பெயின் வீராங்கனை ஒருவருக்குச் சிவப்பு அட்டை. நெதர்லாந்துக்கு ஏழு மீற்றர் எறி, அதாவது கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு எறியும் தண்டனை எறி. லொயிஸ் அபிங் எறிந்தார், 30–29, எங்கள் நாட்டின் முதல் உலகப் பட்டம். அந்தப் போட்டியில் 71 கோல்களோடு முதலிடம் பெற்றவரும் அவரே.

வீட்டில் எல்லோரும் ஆரவாரித்தோம். ஆனால் என் மாமியார் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த ஸ்பெயின் பிள்ளை எங்கே போய் அழும் தம்பி?" என்று கேட்டார். அறுபது நிமிட ஆட்டத்தை அப்படி ஒரு தீர்ப்பு முடித்துவைக்கலாமா? நான் இன்னும் மகிழ்கிறேன், ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

பேர்கன் நடுவர்:
ஐந்தோவன் தம்பிக்கு விடை சொல்ல முடியும். முன்பு கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே தவறு செய்தால் வீராங்கனைக்கு வெளியேற்றம் மட்டுமே. எதிரணிக்குச் சாதாரண எறி. எனவே ஒருவரைப் பலிகொடுத்து ஒரு பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வது இலாபமாக இருந்தது. 2016 இல் அந்தக் காலத்தைக் கடைசி முப்பது நொடியாகச் சுருக்கி, வெளியேற்றத்தோடு ஏழு மீற்றர் எறியையும் சேர்த்தார்கள். கோலுக்கான வாய்ப்பைக் கெடுக்கப் பந்தெறியைத் தடுத்தாலும் இதே தண்டனைதான். குமாமோட்டோவில் நான் நின்றிருந்தாலும் அதே முடிவைத்தான் கொடுத்திருப்பேன். விதி இல்லாதிருந்தால் அழுதிருக்கப்போவது நெதர்லாந்துப் பிள்ளை என்பதையும் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்.

எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. பதினாறு வயதுப் பெண்களின் ஆட்டத்தில், கடைசி நொடிகளில் சிவப்பு அட்டை காட்டினேன். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் வெளியே போனாள். அவளுடைய பயிற்றுநர்தான் என் அறைவரை வந்து பழைய விதியைச் சொல்லி வாதிட்டார். அவர் அதை அவளுக்குக் கற்பித்திருக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆகவே பயிற்றுநராக இருப்பவர்கள் பருவம் தொடங்கும்போதே இந்த முப்பது நொடி விதியையும், நேரத்தைக் கடத்தும் அணிக்கு நடுவர் காட்டும் எச்சரிக்கைச் சைகைக்குப் பின் நான்கு பாஸ்கள் மட்டுமே உண்டு என்ற 2022 மாற்றத்தையும், தடையின்றி எறியும்போது பந்து கோல்காப்பாளரின் தலையில் பட்டால் எறிந்தவருக்கு இரண்டு நிமிட வெளியேற்றம் என்பதையும் பிள்ளைகளை அருகில் இருத்திச் சொல்லிக்கொடுங்கள்.