வைட்டமின் டி கூடிப்போய் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது, எப்போது பழையபடி ஆவார்?

தக்கலைக்காரன்:

அம்மாவுக்கு 63 வயது. முட்டுவலி, இடுப்புவலி என்று ஒரு டாக்டரிடம் காட்டினோம், வைட்டமின் டி 11 தான் இருந்தது. 60,000 யூனிட் கேப்சூல், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று சீட்டில் எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. மருந்துக்கடையில் கவர் மேல் "காலை 1" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா காப்பி குடித்த கையோடு தினமும் ஒன்று போட்டிருக்கிறார், தீர்ந்தபோதெல்லாம் காலி அட்டையைக் காட்டித் திரும்ப வாங்கியிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் 70 கேப்சூலுக்குக் குறையாது. கூடவே கால்சியம் மாத்திரை இரண்டு வேளை.

முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை. மரச்சீனியும் மீன்குழம்பும் முன்னால் வைத்தால் ஒரு வாய் இறங்காது. மலச்சிக்கல், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறட்சி, ராத்திரி ஏழெட்டுத் தடவை எழுந்து போவது. சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. ஒருநாள் காலையில் என்னைப் பார்த்து, செத்துப்போன மாமா பெயரைச் சொல்லி "எப்ப வந்த?" என்று கேட்டார். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்சியம் 13.9, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.3, வைட்டமின் டி "150-க்கு மேல்" என்று மட்டும் ரிப்போர்ட். ஆறு நாள் சலைன், கால்சியத்தை இறக்க ஒரு எலும்பு ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை.

வீட்டுக்கு வந்தபோது கால்சியம் 10.6. நேற்று பார்த்தால் 11.2. மருந்தை நிறுத்தி இத்தனை நாள் ஆன பிறகும் ஏன் ஏறுகிறது? பால் கொடுக்கலாமா, வெயிலில் உட்கார வைக்கலாமா? ஆள் வேறு எதற்கெடுத்தாலும் அழுகிறார், "சத்து மாத்திரைதானே தின்னேன், விஷமா தின்னேன்" என்கிறார்.

கருங்கல் அண்ணாச்சி:

தம்பி, நான் இதே குழியில் விழுந்து எழுந்தவன். எனக்கு ஊசி. ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டாலே பெரிய அளவு, நான் வலி குறையவில்லை என்று மூன்று இடத்தில் காட்டி, மூன்று இடத்திலும் போட்டுக்கொண்டேன். முந்தினது போட்டதை அடுத்தவரிடம் சொல்லவும் இல்லை.

ஏன் ஏறுகிறது என்றால், பி, சி வைட்டமின் மாதிரி இது மூத்திரத்தில் போய்விடாது. கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். எலும்பு ஊசியின் வேகம் குறைந்ததும் கால்சியம் மறுபடி தலை தூக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட், 70 வயது தாண்டினால் 800. அம்மாவின் ஒரு கேப்சூல் நூறு நாள் கணக்கு. 70 கேப்சூல் என்றால் 42 லட்சம் யூனிட், பத்தொன்பது வருடத்துச் சரக்கு. ஐந்து வாரத்தில் காலியாகுமா, சொல்லு.

எனக்குக் கால்சியம் ஒழுங்காக நிற்க ஏழு மாதம் ஆனது. முதல் இரண்டு மாதம் வாரா வாரம் ரத்தம், அப்புறம் மாதம் ஒன்று. நடுவில் ஒரு தடவை "நல்லா இருக்கேனே" என்று ஸ்டீராய்டை நானே நிறுத்தி, பத்தாம் நாள் வாந்தியோடு மறுபடி படுத்தேன். அதை மட்டும் அம்மா செய்யாமல் பார்த்துக்கொள், டாக்டர் சொல்லி மெல்லத்தான் குறைக்க வேண்டும். ஆள் தேறிவிட்டது மாதிரி தெரிவதை நம்பாதே, கால்சியத்தையும் கிரியாட்டினினையும் பார்.

அழுகை, எரிச்சல், மறதி எல்லாம் கால்சியம் ஏறினால் வருவதுதான், ஸ்டீராய்டும் தூண்டிவிடும். நான் பேரப்பிள்ளை சத்தம் போட்டதற்குச் செருப்பைத் தூக்கி எறிந்திருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

குளச்சல் காற்று:

கேப்சூல் எல்லாம் கெமிக்கல் அண்ணே, அதான் இப்படி. எங்க தாத்தா காலத்துல சுறா ஈரல் எண்ணெய்தான், ஒரு கேடும் வந்ததில்லை. அம்மாவுக்கு அதைக் கொடுத்துப் பாருங்க, காலை வெயிலும் காட்டுங்க.

மருந்துக்கடை அக்கா:

குளச்சல் தம்பி, கோபித்துக்கொள்ளாதே, மீன் ஈரல் எண்ணெயிலும் இருப்பது இதே வைட்டமின் டி-தான், போதாக்குறைக்கு வைட்டமின் ஏ வேறு. ஏ-யும் கொழுப்பில் தங்கும், கூடினால் தலைவலி, முடி கொட்டுதல், ஈரல் கேடு. வைட்டமின் டி நிரம்பி வழிகிறவருக்கு அதைக் கொடுக்கச் சொல்கிறாய்!

வெயிலால் மட்டும் யாருக்கும் டி விஷமாகாது, அதிகமானதைத் தோலே சிதைத்துவிடும். அதற்காக இப்போது காய வைக்க வேண்டியதும் இல்லை தக்கலைத் தம்பி. துணி காயப்போட, கோயிலுக்குப் போகிற அளவு வெயில் போதும்.

இருபது வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் என்பதால் ஒன்று கேட்கிறேன்: அம்மாவுக்கு பிபி மாத்திரை உண்டா? அட்டையில் பெயருக்குப் பின்னால் "ஹெச்" என்ற எழுத்தோ, உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்றோ இருக்கிறதா பாருங்கள். அந்த வகை நீர் மாத்திரை கால்சியத்தைச் சிறுநீரில் போக விடாமல் பிடித்து வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், அட்டையோடு டாக்டரிடம் போங்கள். நெஞ்செரிச்சலுக்கு மென்று தின்கிற மாத்திரைகளில் பலவும் கால்சியம் கார்பனேட்தான், அதையும் காட்டுங்கள். முட்டுவலிக்கு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள், கிட்னி ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது.

சாப்பாட்டில் பால், தயிர், கேழ்வரகு, எள்ளு, முள்ளோடு தின்கிற நெத்திலி இதையெல்லாம் டாக்டர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள். பெரிய மீன் துண்டு, சோறு, மரச்சீனி பிரச்சினை இல்லை. நம்ம ஊரில் யாரும் யோசிக்காதது இரண்டு உண்டு. ஒன்று அக்கானி, அதாவது பதநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள், இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பு கால்சியம்தான். உடம்புக்குக் குளிர்ச்சி என்று யாராவது ஒரு செம்பு கொண்டுவந்து நீட்டுவார்கள், வேண்டாம். இரண்டாவது வெற்றிலை. அம்மா போடுவாரா?

தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், இதயக் கோளாறு இருந்தால் மட்டும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு ஊசி போட்டவர்களுக்குக் கால்சியம் ஒரேயடியாக இறங்குவதும் உண்டு. உதடு, விரல் நுனி மரத்தாலோ கை இழுத்தாலோ காத்திருக்காமல் போங்கள்.

மார்த்தாண்டம் பையன்:

குறுக்கே வருகிறேன், எனக்கு பி6. கரைந்து போய்விடும் வைட்டமின் என்று அண்ணாச்சி சொன்ன வகைதான், ஆனாலும் மாட்டினேன். கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை, அதோடு ஒரு மல்டிவைட்டமின், ஒரு எனர்ஜி பவுடர், மூன்றிலும் பி6. கூட்டினால் தினமும் 100 மில்லிகிராமுக்கு மேல், ஒன்றரை வருடம். ஐரோப்பாவில் 2023-இல் இதன் மேல்வரம்பை 12 மில்லிகிராம் என்று குறைத்தார்கள். எரிச்சலுக்கு எடுத்த மருந்தே எரிச்சலைக் கூட்டியது. நிறுத்திய பிறகும் சில வாரம் இன்னும் மோசமாகித்தான் அப்புறம் இறங்கியது. இப்போது பத்து மாதம், பெருவிரலில் மட்டும் மரப்பு மிச்சம்.

தக்கலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, பிபி அட்டையைப் பார்த்தேன், குளோர்தாலிடோன் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், வேறு மாத்திரை மாற்றித் தந்தார், ஸ்டீராய்டு இன்னும் மூன்று வாரம். வயிற்று ஸ்கேனும் எடுத்தோம், கல் இல்லை. கிரியாட்டினின் 1.5.

வெற்றிலை போடுவாரா என்று கேட்டீர்களே, ஒரு நாளைக்கு ஆறு தடவை, சுண்ணாம்பு கெட்டியாகத் தடவி. ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் சண்டை போட்டு வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். சாயங்காலமானால் அம்மா அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். மாமி சுண்ணாம்பு மட்டும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்கிறார். வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கும்போது தெரிந்துவிடும்.