மறு: பழைய உருவப்படங்களில் பெண்களின் தலைத்துணிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பிய உருவப்படங்களில் பெண்கள் தலையில் அணிந்திருப்பதை ‘முக்காடு’ என்றே எழுதலாம் என்று நேற்று இந்தக் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

உடுத்திய துணியின் தலைப்பை இழுத்துத் தலைமேல் போட்டால் முக்காடு. தோளில் விட்டால் அது வெறும் தலைப்புதான். லண்டன் தேசியக் காட்சியகத்தில் ராபர்ட் காம்பின் 1435 வாக்கில் வரைந்த பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைத் துணியை மடித்து மடித்து ஊசி செருகியிருக்கிறது. ஊசித்தலைகூடத் தெரிகிறது! அது தனி உடை. அணிந்து முடிக்கவே நேரம் பிடிக்கும்.

பொருளும் இடிக்கிறது. ‘முக்காடு போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்’ என்றால் நமக்கு அவமானம். அந்தப் படங்களிலோ அது பெருமை. மணமாகாத பெண் கூந்தலை விரித்துவிடலாம். மணமானவள் மூடிக்கொள்வதே கண்ணியம். யான் வான் ஐக் 1439இல் தன் மனைவி மார்கரெட்டை வரைந்தபோது, கொம்புபோல் கட்டிய முடிமேல் சுருக்கு வைத்த வெள்ளைத் துணியை அடுக்கடுக்காகக் காட்டினார். இல்லத்தரசி என்ற மதிப்பு அந்த அடுக்குகளில் இருக்கிறது.

‘தலைமறைப்பு’ என்ற யோசனையும் வந்தது. ‘தலைமறைவு’ நினைவுக்கு வருவதை விட்டுவிடுவோம். ரோகியர் வான் டெர் வெய்டன் 1460 வாக்கில் வரைந்த, இப்போது வாஷிங்டனில் இருக்கும் பெண்ணின் துணி கண்ணாடிபோல மெல்லியது. மூடுகிறது, ஆனால் மறைக்கவில்லை. அந்த மெல்லிழைத் துணியே செல்வத்தின் அடையாளம். ஆகவே சொல்லில் ‘மறை’ வரக்கூடாது. ‘தலைமூடி’யும் வேண்டாம், ஒரு சுழி தவறினால் ‘தலைமுடி’ ஆகிவிடும்.

பொதுச்சொல்லாக நான் முன்வைப்பது ‘தலையாடை’. அதற்குள் மெல்லிய துணிக்குத் ‘தலைத்துகில்’. துகில் என்றாலே நுண்ணிய துணிதானே. ஓவியர் ஹோல்பைன் 1536 வாக்கில் வரைந்த இங்கிலாந்து அரசி ஜேன் சீமோரின் தலையில் இருப்பது வீட்டுக்கூரைபோல் முன்பக்கம் கூம்பிய விறைப்பான அணி. அதற்குக் ‘கூரைத் தலையாடை’.

அப்புறம், கழுத்தையும் மோவாயையும் சுற்றி வரும் ‘விம்பிள்’ (wimple) என்ற துணி. ‘மோவாய்த்துகில்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் சரியாக நுழையவில்லை. ‘கழுத்துத்துகில்’ என்றால் மோவாய் விடுபடுகிறது. இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.